உப்பைத் தின்றவள்

ஜூன் 3

அண்ணிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாருன்னு தெரிஞ்சிருக்கும். கிழிச்சுப் போடறதா இருந்தா முழுசாப் படிச்சுட்டுக் கிழிங்க. நல்லா இருக்கீங்களா, அண்ணன் எப்படி இருக்காருன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை. மூணு வருஷமா ஒரு வரி எழுதாதவ, காரியம் ஆகணும்னதும் பேனாவை எடுத்துட்டா பாருன்னு நினைப்பீங்க. அப்படித்தான் அண்ணி. அதுல மறைக்க ஒண்ணுமில்லை.

இங்க ஒரு உப்புத் தொழிற்சாலையில பேக்கிங்ல இருக்கேன். பை வந்து நிக்கும், உப்பு விழும், வாயை மடிச்சு மெஷினுக்குள்ள தள்ளணும். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு பை. விரல் நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. அதுல உப்பு பட்டா எப்படி இருக்கும்னு ஒரு வேதியியல் டீச்சருக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். இங்க லேப்ல ஒரு உதவியாளர் வேணும்ங்கறாங்க. குடுவை கழுவணும், கரைசல் கலக்கணும், உப்புல என்னென்ன எவ்வளவு இருக்குன்னு சோதிக்க ஒத்தாசை பண்ணணும். உங்க லேப்ல எட்டு வருஷம் அட்டெண்டரா இருந்தவ, கேட்டதும் கை தானா துறுதுறுன்னுச்சு. மனு போட்டுட்டேன். ஆனா பள்ளிக்கூடத்துல குடுத்த சான்றிதழ்ல 'கவனக்குறைவு காரணமாக விலகியவர்'னு ஒரு வரி இருக்கு. அந்த வரி இல்லாம ஒண்ணு வாங்கித் தர முடியுமா?

அந்த வரி பொய்யின்னு நான் சொல்லலை. என் கவனக்குறைவாலதான் தொட்டிக்குள்ள சோடியம் கிடந்துச்சு, அந்தப் பொண்ணு குழாயைத் திறந்ததும் வெடிச்சுச்சு. அவ புருவத்துல தழும்பு நிக்கறப்ப என் காகிதத்துல ஒரு வரி நின்னா என்ன குறைஞ்சு போச்சு? உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும், குடிச்சேன். நீங்க வாங்கிக் குடுத்த வேலையை நானே கெடுத்து, உங்களையும் எல்லார் முன்னாலயும் தலைகுனிய வச்சேன். அண்ணன் என் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னதுல தப்பே இல்லை. அன்னிக்குப் போலீஸ் வரைக்கும் போகாம நீங்கதான் பேசிக் காப்பாத்துனீங்கன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு நன்றி சொல்லவும் எனக்கு அப்ப முகம் இல்லை. இப்ப சொல்றேன்.

ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கிச்சு. எந்தக் குழாயைத் திறந்தாலும் முதல்ல தொட்டிக்குள்ள எட்டிப் பாப்பேன். விடுதியில கூட இருக்கற பொண்ணுங்க "உள்ள என்ன பாம்பா படுத்திருக்கு?"ன்னு கேலி பண்ணுதுங்க.

இன்னொண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. நாள் முழுக்க உப்பு மேல விழுது. சோடியம்தானே இதுலயும் இருக்கு? தண்ணி பட்டா ஏன் இது மட்டும் சமத்தா கரைஞ்சு போகுது? நீங்க வருஷா வருஷம் பாடம் நடத்தறப்ப கதவுக்கிட்ட நின்னு கேட்டதுதான். பாதியிலேயே யாராவது ஏதாவது எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க, மீதியைக் கேட்டதே இல்லை.

பூச்சின்னு கையெழுத்துப் போட மனசு வரலை. அண்ணன் வச்ச பேரு அது.

உங்கள் நாத்தனார்


ஜூன் 12

அன்புள்ள பூச்சி,

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

புதிய சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. தலைமையாசிரியை அதிகம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த வரி இல்லை. 'நேர்மையாகவும் பொறுப்பாகவும் பணியாற்றினார்' என்று நானே எழுதித் தட்டச்சு செய்யச் சொன்னேன். நான் இப்போது இங்கே உதவித் தலைமையாசிரியை. அதனால் இதெல்லாம் எளிதாக முடிந்தது.

எனக்கு நன்றியெல்லாம் சொல்லாதே. சொல்லவே சொல்லாதே.

உன் கேள்விக்கு வருகிறேன். சோடியம் அணுவிடம் பதினோரு எலக்ட்ரான்கள் உண்டு. உள்வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, கடைசி வட்டத்தில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத் தள்ளிவிடத்தான் சோடியம் அவ்வளவு துடிக்கிறது. தண்ணீரைக் கண்டால் அதனிடம் தள்ளும். அதனால்தான் அதை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துப் பூட்டி வைக்கிறோம். குளோரினோ பச்சையும் மஞ்சளும் கலந்த வாயு, மூச்சில் பட்டால் நெஞ்சு எரியும். அதனிடம் பதினேழு எலக்ட்ரான்கள், கடைசி வட்டத்தில் ஏழு. எட்டாக ஒன்று குறைகிறது, அந்த ஒன்றுக்காக யார் மேலும் பாயும். இரண்டும் சந்தித்தால் ஒன்று கொடுக்கிறது, மற்றொன்று எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு இரண்டும் அடங்கிவிடுகின்றன. உப்பில் இருப்பது கொடுத்து முடித்த சோடியம். தள்ளிவிட அதனிடம் எதுவும் இல்லை, அதனால் தண்ணீரில் சாதுவாகக் கரைகிறது. உப்புக் கல்லுக்குள் ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினையும் சுற்றி ஆறு சோடியம். எது எதற்குக் கொடுத்தது, எது எதனிடம் எடுத்தது என்று அதற்குப் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நடந்தது நடந்துவிட்டது. பழையதைக் கிளறாதே. விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவு. உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். கடிதம் வந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

சான்றிதழைப் பார்த்து அழுதுட்டேன். 'பொறுப்பாகவும்'ங்கற வார்த்தையைத் தடவித் தடவிப் பாத்தேன். நீங்க உதவித் தலைமையாசிரியை ஆனதுல எனக்கு ரொம்பச் சந்தோஷம். என்னால அது கெட்டுப் போயிருக்குமோன்னு மூணு வருஷமா பயந்துகிட்டு இருந்தேன்.

உப்பு விஷயம் இப்ப புரிஞ்சுது. பேக்கிங்ல பக்கத்துல நிக்கறவகிட்ட சொன்னேன். "அப்ப இது குடுத்துட்டு ஓய்ஞ்ச சோடியமா? எங்க மாமியார்கிட்ட இதைச் சொல்லணும்"னா.

ஆனா அண்ணி, நான் ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணிட்டேன். லேப் மேடம் கூப்பிட்டு, "பள்ளிக்கூட லேப் வேலையை ஏன் விட்டீங்க?"ன்னு கேட்டாங்க. சான்றிதழ் கையில இருக்கு, குடும்ப சூழ்நிலைன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. நாக்கு வரலை. நடந்ததைச் சொல்லிட்டேன்.

உங்ககிட்டயும் முழுசாச் சொன்னதில்லை, இப்ப சொல்றேன். அன்னிக்குக் காலைல தண்ணி வரலை, வாளியில பிடிச்சு வச்சதுதான். நான் சீசாவைத் திறந்து குடுத்தேன். நீங்க சோடியத்தை ஃபில்டர் பேப்பர் மேல வச்சு அரிசி அளவு நறுக்கி, பீக்கர் தண்ணியில போட்டுக் காட்டினீங்க. மிச்சத் துண்டும் தூளும் பேப்பர் மேல இருந்துச்சு. அதைக் கரைக்க ஸ்பிரிட் இல்லை, ஸ்டோர்ல போய் வாங்கிட்டு வான்னீங்க. போறதுக்கு முன்னால கண்ணாடிச் சாமானையெல்லாம் தட்டுல அள்ளித் தொட்டியில வச்சேன். ஸ்டோர்ல ஆள் இல்லை, காத்துக் கிடந்தேன். ஸ்பிரிட்டோட திரும்பி வர்றப்ப வராந்தாவிலேயே டமார்னு கேட்டுச்சு. அதுக்குள்ள குழாயில தண்ணி வந்திருக்கு, அடுத்த வகுப்புப் பொண்ணு டெஸ்ட் ட்யூப் கழுவத் திறந்திருக்கா. உள்ள போனா புகை, கண்ணாடித் துண்டு, கண்ணைப் பொத்திக்கிட்டு அவ. தொட்டியில கருகின ஃபில்டர் பேப்பர்.

தட்டோட தட்டா அதையும் நான்தான் அள்ளிட்டேன். வேற எப்படி அங்க போகும்?

மேடம் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணு சொன்னாங்க. "சான்றிதழ் இருக்கட்டும். உங்களோட நின்னு வேலை பாத்த டீச்சர் கைப்பட ஒரு கடிதம் எழுதட்டும். இந்தக் கையை நம்பி மருந்து பாட்டிலைக் குடுக்கலாமா, கூடாதா? ஜூலை பதினஞ்சுக்குள்ள வரட்டும், அதுவரைக்கும் வேற ஆள் எடுக்க மாட்டேன்."

அதனால உங்களைக் கேக்கறேன் அண்ணி. எனக்காகப் பொய் எழுத வேண்டாம். குடுக்கக் கூடாதுன்னா அப்படியே எழுதுங்க. எனக்கே என் கை மேல நம்பிக்கை இல்லை, நீங்க சொன்னா ஏத்துக்கறேன். இன்னொரு பொண்ணு கண்ணைப் பொத்திக்கிட்டு நிக்கறதை என்னால பாக்க முடியாது.

உங்கள் நாத்தனார்


ஜூன் 28

பூச்சி,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது.

உன் லேப் மேடத்துக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் பேனா நகரவில்லை. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். நீ தட்டில் கண்ணாடிச் சாமான்களை அள்ளினாயே, அப்போது அந்த ஃபில்டர் பேப்பரைக் கையால் எடுத்ததாக உனக்கு நினைவிருக்கிறதா? தட்டில் அதைப் பார்த்தாயா?

ஸ்டோருக்குப் போகும்போது மேஜையைத் திரும்பிப் பார்த்தாயா?

அண்ணி


ஜூலை 4

அண்ணிக்கு,

எதுக்கு இப்படிக் கேக்கறீங்கன்னு தெரியலை. விசாரணையில தலைமையாசிரியைகூட இதைக் கேக்கலை. "மிச்ச சோடியத்தை யார் எடுத்துப் போட்டது?"ன்னுதான் கேட்டாங்க. "மேஜையைச் சுத்தம் பண்றது அவ வேலை"ன்னு நீங்க சொன்னீங்க. உண்மைதானே? என் வேலைதான். நானும் "நானாத்தான் இருக்கும்மா"ன்னேன்.

நினைவு இல்லை அண்ணி. அதான் கொடுமை. பீக்கர் நினைவிருக்கு, இடுக்கி நினைவிருக்கு, வாளி விளிம்புல ஒரு விரிசல் இருந்துச்சே, அதுகூட நினைவிருக்கு. பேப்பர் மட்டும் நினைவில்லை. ஆரம்பத்துல தட்டுல பேப்பர் இல்லாத மாதிரிதான் மனசுல இருந்துச்சு. அப்புறம் என்னை நானே திட்டிக்கிட்டேன், பழியில இருந்து தப்பிக்க மனசு எப்படியெல்லாம் வேஷம் போடுது பாருன்னு. இப்பல்லாம் கண்ணை மூடினா பேப்பர் தட்டுலதான் இருக்கு. நானே கொண்டுபோய் வச்சுட்டேன் போல.

உங்களால எழுத முடியலைங்கறது புரியுது. அதுவே எனக்குப் பதில். நாளைக்கு மேடத்தைப் பாத்து வேண்டாம்னு சொல்லிடறேன். பேக்கிங் ஒண்ணும் மோசமில்லை. உப்பு யாரையும் எரிக்காது.

உங்களைச் சங்கடத்துல விட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க.

உங்கள் நாத்தனார்


ஜூலை 7

பூச்சி,

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். மேடத்திடம் வேண்டாம் என்று இன்னும் சொல்லாமல் இருந்தால், சொல்லாதே. சொல்லியிருந்தால் ஓடிப்போய் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு.

பேப்பர் உன் தட்டில் இல்லை. உன் மனசு முதலில் சொன்னதுதான் சரி.

நான்தான் போட்டேன்.

நீ ஸ்பிரிட் வாங்கப் போன பிறகு தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார், மேலிடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வந்துவிட்டார்கள், மாடி வகுப்பை அவர்கள் பார்க்கிறார்கள், உடனே வா என்றார். அவர்கள் ஆய்வகத்தையும் எட்டிப் பார்ப்பார்கள் என்று ஒரு பதற்றம். மேஜை மேல் அந்தக் காகிதம் அசிங்கமாகக் கிடந்தது. தொட்டி காய்ந்து கிடக்கிறது, தண்ணீர்தான் வரவில்லையே, ஐந்து நிமிடத்தில் பூச்சி வந்துவிடுவாள், சொல்லிக்கொள்ளலாம் என்று காகிதத்தை மடித்து, நீ வைத்த பீக்கருக்கு அடியில் செருகிவிட்டுப் படியேறினேன். இருபது வருடம் பாடம் நடத்தியவள், சோடியத்தைத் தொட்டியில் போடாதே என்று வருடத்துக்கு நூறு பிள்ளைகளுக்குச் சொன்னவள். வாளித் தண்ணீரை எண்ணினேனே தவிர, குழாயில் தண்ணீர் வரும் என்பதை நினைக்கவில்லை.

சத்தம் கேட்டபோது மாடியில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன வெடித்தது என்று அந்தக் கட்டிடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த முதல் நிமிடத்தில் சொல்லியிருந்தால் அது தப்பு, அவ்வளவுதான். சொல்லவில்லை. பயம். அடுத்த நாள் விசாரணையில் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை, கவனித்தாயா? 'மேஜையைச் சுத்தம் செய்வது அவள் வேலை' என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படி ஒரு உண்மையைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். நீ உடனே 'நானாத்தான் இருக்கும்மா' என்றாய். உன் முகத்தில் சந்தேகமே இல்லை. எனக்குக் கதவு திறந்தது, நான் வெளியே நடந்து போய்விட்டேன். நீ உள்ளே நின்றாய்.

வீட்டில் நான் அழுததைப் பார்த்துவிட்டு உன் அண்ணன், தங்கை என் தலையில் அவமானத்தைக் கட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தார். அவர் உன்னைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 'விடுங்க, பாவம்' என்று வேறு சொன்னேன். உனக்காகப் போலீசைத் தடுத்தேன் என்று எழுதியிருந்தாயே, போலீஸ் வந்தால் என்னையும் கேட்பார்களே என்றுதான் தடுத்தேன். அதற்கு நீ நன்றி சொன்னாய். அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அப்படி இருந்தும் உப்புப் பாடம் எழுதி அனுப்பினேன். எது கொடுத்தது, எது எடுத்தது என்று யாராலும் பிரிக்க முடியாதாம். கொடுத்தவள் நீ, எடுத்தவள் நான், அதன் பிறகு மூன்று வருடம் சாதுவாக இருந்தேன்.

வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அது கைகழுவுகிற சொல்லாக இருக்கும். இருந்தாலும் வேறு சொல் என்னிடம் இல்லை. உன் முகம் பார்க்க எனக்கு வெட்கம், உன் அண்ணன் தட்டில் சோறு போட வெட்கம்.

உன் மேடத்துக்கான கடிதம் தனித்தாளில் இருக்கிறது. 'எட்டு வருடத்தில் இவள் கையால் ஒரு தவறும் நடக்கவில்லை. நடந்தது என் கையால்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

அண்ணி என்று போட எனக்கும் மனசு வரவில்லை.


ஜூலை 13

டீச்சருக்கு,

கடிதத்தை மேடத்துகிட்ட குடுத்துட்டேன். அது என் வேலைக்கு. இது உங்களுக்கு.

ரெண்டு நாள் வேலைக்குப் போகலை. கட்டில்ல உக்காந்து கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துகிட்டு இருந்தேன். மூணு வருஷம் இந்தக் கையை நான் திட்டியிருக்கேன். ஒரு தடவை அடுப்புக்கிட்ட கொண்டுபோய் வேணும்னே சுட்டுக்கிட்டேன், அந்தப் பொண்ணுக்கு எரிஞ்சது எனக்கும் எரியட்டும்னு. அதை யார்கிட்டயும் சொன்னதில்லை. இப்ப நீங்க தெரிஞ்சுக்கணும்.

நான் குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. உங்க பாடத்தை என் தலையில கட்டாதீங்க. சோடியம் அதுவா குடுக்குது. நான் எதையும் குடுக்கலை, என்கிட்ட இருந்து எடுத்தீங்க. உப்புக்குள்ள வேணா யார் குடுத்தது யார் எடுத்ததுன்னு பிரிக்க முடியாம இருக்கலாம். இங்க நல்லாப் பிரியுது.

அண்ணன் கல்யாணத்துக்கு அப்புறம் உங்க வீட்டுல ஒன்பது வருஷம் இருந்தேன். உங்க கையால உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்களே, நான் நினைச்ச நினைப்பு உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் ஒரு நாளும், ஒரே ஒரு நாளும், நீங்களா இருக்குமோன்னு எனக்குத் தோணவே இல்லை. என்னை ஏமாத்தினது அதுதான். உங்க மேல வச்ச மரியாதை.

எனக்கு எழுதிட்டதால முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. எனக்கு எழுதறது சுலபம், நான் தூரத்துல இருக்கேன். முதல்ல அண்ணன்கிட்ட வாயால சொல்லுங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துல எழுத்துல குடுங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போங்க. நீங்களா போகணும், ஆள் அனுப்பக் கூடாது.

அது வரைக்கும் எனக்கு எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 2

பூச்சிக்கு,

நீ சொன்ன மூன்று இடத்துக்கும் போய் வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணனிடம் மதியம் சொன்னேன். தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். நான் பேசப் பேச மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. முடித்த பிறகுதான் காலை எடுத்தார். "பூச்சிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "எப்பத்துல இருந்து?" என்றார். மூன்று வாரமாக என்றேன். "அப்ப மூணு வருஷமா தெரிஞ்சவ நீ ஒருத்திதானா?" அவ்வளவுதான் கேட்டார். சட்டையைப் பார்த்தால் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தார். அதைப் பிரித்துக்கொண்டே இருந்தார். என்னோடு இன்னும் பேசவில்லை. திட்டினால் தேவலை.

தலைமையாசிரியை கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "உப்புப் பெறாத விஷயம், முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. அந்த அட்டெண்டருக்குத்தான் நல்ல சான்றிதழ் குடுத்தாச்சே, ஏன் கிளறணும்?" என்றார். பழையதைக் கிளறாதே என்று நான் உனக்கு எழுதியது அப்படியே திரும்பி வந்தது. வாங்கிக்கொள்ளாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்புவேன் என்றேன். பதிவேட்டில் ஏறிவிட்டது. உன் பெயருக்கு எதிரே இருந்த வரியை அடித்து என் பெயரை எழுதியிருக்கிறார்கள். உதவித் தலைமையாசிரியைப் பொறுப்பு இப்போது என்னிடம் இல்லை. விசாரணை முடியும் வரை ஆய்வகச் சாவியும் இல்லை. ஆசிரியர் அறையில் நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன் நீ உள்ளே போனபோதும் நின்றிருக்கும். அதை நான் பார்த்தும் இருப்பேன்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தெருமுனை வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை அவளே கதவைத் திறந்தாள். வளர்ந்துவிட்டாள், கல்லூரிக்குப் போகிறாள். இடது புருவம் நடுவில் முடி முளைக்காமல் ஒரு கோடு. பார்வைக்கு ஒன்றும் இல்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ கேட்டார், அத்தனைக்கும் நான் தகுதியானவள்தான். கடைசியில் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப நான் குழாயைத் திறந்தது தப்பில்லையா மிஸ்?"

எனக்கு முதலில் புரியவில்லை. "சொல்லாம லேப்புக்குள்ள போய்க் குழாயைத் திறந்துட்டேன் மிஸ். நான் திறந்ததாலதான் வெடிச்சுச்சு, என்னாலதான் லேப் அக்காவுக்கு வேலை போச்சுன்னு நினைச்சுகிட்டு இருந்தேன். அவங்களைத் தேடிப் போய் மன்னிப்பு கேக்கணும்னு அம்மாகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

பூச்சி, அந்த வீட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்திருந்த நிலையை எப்படி எழுதுவது? பழியை நீயும் சுமந்தாய், அந்தக் குழந்தையும் சுமந்தாள். ஆளுக்கு ஒரு மூட்டை. என் கை மட்டும் காலி. பதினெட்டு வயதுப் பெண் தன்னிடம் மன்னிப்பு கேட்க வந்தவளிடம் மன்னிப்பு கேட்கிறாள். என் வாழ்நாளில் அவ்வளவு கூனிக் குறுகியதில்லை.

உன் முகவரி கேட்டாள், கொடுத்துவிட்டேன். தவறானால் சொல்.

இப்போதெல்லாம் குழாயைத் திறக்கும் முன் நான் எட்டிப் பார்க்கிறேன். வீட்டுச் சமையல் தொட்டியில்கூட. உன்னிடமிருந்து நான் கேட்காமலே எடுத்துக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று போல.

பதில் எழுத வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.


ஆகஸ்ட் 19

அண்ணிக்கு,

இந்த ஒரு வார்த்தையை எழுத நாலு நாள் ஆச்சு. டீச்சர்னு போட்டேன், அடிச்சேன், ஒண்ணும் போடாம விட்டேன். கடைசியில கை தானா இதைத்தான் எழுதுச்சு. பழக்க தோஷம்னு வச்சுக்கோங்க.

அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனா. ரெண்டு பேரும் மாறி மாறி மன்னிப்பு கேட்டுக்கிட்டோம். அப்புறம் நாம எதுக்குக் கேக்கறோம்னு சிரிப்பு வந்துடுச்சு. புருவத்தைத் தொட்டுப் பாக்க விட்டா. இங்க உப்பு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கறதைப் பாத்துட்டு, "அக்கா, இவ்வளவு சோடியத்தையும் உங்களை நம்பி விட்டிருக்காங்களா?"ன்னா. வாலு.

போன ஞாயித்துக்கிழமை அண்ணனும் வந்தாரு. தொழிற்சாலை வாசல்ல மரத்தடியில நின்னுகிட்டு இருந்தாரு, கையில ஒரு காகிதப் பொட்டலம். "பூச்சி"ன்னாரு. பொட்டலத்தை நீட்டினாரு. உள்ள லேப்ல போட்டுக்க ஒரு வெள்ளைக் கோட்டு. அளவு எடுக்காம, பழைய நினைப்புல தச்சது. தோள் ரெண்டு விரக்கடை பெரிசு. "இளைச்சுட்டியே"ன்னு அங்கேயே நின்னுகிட்டு ஊசியும் நூலும் எடுத்துப் பிடிச்சுக் குடுத்தாரு. உங்களைப் பத்தி நான் கேக்கலை, அவரும் சொல்லலை. கிளம்பறப்ப மட்டும், "அவ சாப்பிடவே மாட்டேங்கறா"ன்னாரு. நீங்க சாப்பிடுங்க. பட்டினி கிடந்தா எனக்கு ஒண்ணும் திரும்பி வரப் போறதில்லை.

மன்னிச்சுட்டேன்னு எழுதணும்னுதான் உக்காந்தேன். வரலை அண்ணி. சில நாள் காலைல எழுந்ததும் கோபம் முன்னால வந்து நிக்குது. இன்னும் கொஞ்ச காலம் நிக்கும் போல. போயிட்டா எழுதறேன். நீங்க மூணு இடத்துக்கும் போனீங்க, அது எனக்குத் தெரியும். அதை மட்டும் இப்ப சொல்றேன்.

லேப் வேலை திங்கக்கிழமை ஆரம்பிச்சுது. உப்பைக் கரைச்சு, மஞ்சளா ஒரு சொட்டு மருந்து விட்டு, மேல இருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டா விடணும். குளோரின் முழுசும் தீர்ந்ததும் சட்டுன்னு செங்கல் நிறம் வரும், அங்கே நிறுத்தணும். மூணு தடவை பண்ணிக் காட்டினேன், மூணு தடவையும் ஒரே அளவு. மேடம் கணக்கைப் பாத்துட்டு மருந்து அலமாரிச் சாவியை எடுத்து மேஜை மேல வச்சாங்க.

இன்னிக்குக் காலைல குடுவை கழுவத் தொட்டிக்குப் போனேன். மேடம் ஏதோ கேட்டாங்க, பதில் சொல்லிகிட்டே குழாயைத் திறந்தேன். தண்ணி பாதிக் குடுவை ரொம்பினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் உள்ள எட்டிப் பாக்கவே இல்லை.

பூச்சி